கட்டுண்ட வேந்தன்: எச்.ஏ. கிருட்டிணபிள்ளையின் வாழ்வும் இரட்சணிய யாத்திரிகம் காட்டும் அரசுநெறியும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்க் கிறித்தவக் காப்பியப் புலவருள் குறிப்பிடத்தக்கவர் எச்.ஏ. கிருட்டிணபிள்ளை (1827–1900). வைணவ வேளாளர் குடியில் பிறந்து, கம்பராமாயணப் பயிற்சியில் வளர்ந்த அவர், முப்பது அகவை நிறைந்தபின் கிறித்தவம் தழுவினார். அதன்பின் அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியனின் ஆங்கில உரைநடை நூலைத் தழுவியது. எனினும் மூலநூலில் இல்லாத இயேசுவின் பாடுகளை அது விரிவாகப் பாடுகிறது. வெற்றியும் கொடையும் கொண்டு அரசனை அளந்த தமிழ்க் காப்பிய மரபில், இகழப்பட்டுக் கட்டுண்டு நிற்கும் ஒருவரை வேந்தராகப் பாடுவது எவ்வாறு இயன்றது என்னும் வினாவைக் கிருட்டிணபிள்ளையின் வாழ்க்கை வரலாற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்

இரட்சணிய யாத்திரிகம், அரசுநெறி, எளிமை, இரக்கம், பாடுகள், கம்பர் மரபு, வைணவம், கிறித்தவ வழிபாடு.

முன்னுரை

அரசனைப் பாடுவது தமிழ்ப் புலவனின் தொன்மையான தொழில். முடி, செங்கோல், வெண்கொற்றக்குடை, முரசு, பட்டத்து யானை ஆகியவை அரசனை அடையாளப்படுத்தும் பொருள்கள். வென்ற களமும் வழங்கிய கொடையும் அவன் புகழுக்கு அடிப்படை. இம்மரபு பக்தி இயக்கக் காலத்தில் இறைவனுக்கும் உரியதாயிற்று. திருப்பள்ளியெழுச்சியும் உலாவும் அரண்மனை வழக்கத்தை ஒத்தே அமைந்தன.

நற்செய்தி நூல்கள் காட்டும் அரசர் இவ்வடையாளங்களுள் எதனையும் இயல்பான நிலையில் பெறவில்லை. அவர் எருசலேம் நகருக்குள் கழுதைமேல் ஏறி வருகிறார். போர்வீரர் முள்ளால் முடி பின்னிச் சூட்டுகின்றனர், செங்கோலுக்கு மாறாக நாணற்கோலைக் கையில் தருகின்றனர், ஏளனமாக மண்டியிடுகின்றனர். அரசர் என்னும் அவரது பட்டம் எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் ஆகிய மும்மொழிகளில் எழுதப்பட்டுக் கொலைமரத்தின் மேல் பொறிக்கப்படுகிறது. பகைவர் நகைப்பதற்காகக் கூறிய சொல்லையே அடியார் உண்மையாகக் கொண்டு வழிபடுகின்றனர். கிறித்தவ வழிபாட்டின் உள்ளீடாக அமைந்த இம்முரணைக் காப்பியத் தமிழில் பாடும் பொறுப்பு கிருட்டிணபிள்ளைக்கு வாய்த்தது.

பிறப்பும் இளமைக் கல்வியும்

கிருட்டிணபிள்ளை 1827 ஏப்ரல் 23ஆம் நாள் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மாள். வைணவப் பற்று மிக்க குடும்பம் அது. தந்தையார் கம்பராமாயணத்தில் ஆழங்கால்பட்டவர். ஆகவே எழுத்தறிவு பெற்ற பருவத்திலேயே கம்பரின் விருத்த ஓசை சிறுவரின் செவியில் பதிந்தது. பின்னர்த் திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் அவர் இலக்கண இலக்கியம் பயின்றார்.

அவர் பிறந்த காலத்து நெல்லை நாட்டில் பழைய அரசு எதுவும் எஞ்சியிருக்கவில்லை. கட்டபொம்மன் 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801ஆம் ஆண்டுப் போருக்குப்பின் பாளையக்காரர் ஆட்சி முடிவுற்றது. கோட்டைகள் இடிக்கப்பட்டன, எஞ்சியோர் வரி செலுத்தும் ஜமீன்தார்களாயினர். கிருட்டிணபிள்ளை பிறப்பதற்கு ஓராண்டு முன், 1826இல், பாளையங்கோட்டையில் இரேனியஸ் கட்டிய திருத்துவ ஆலயம் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது. புலவரைப் புரக்கும் வேந்தர் மறைந்து, மிஷன் பள்ளிகளும் அச்சகங்களும் தமிழ் கற்றோருக்குப் பிழைப்பளிக்கத் தொடங்கிய காலம் அது. அரசனைப் பற்றிய செய்யுட்களை ஆயிரக்கணக்கில் மனப்பாடம் செய்த ஓர் இளைஞர், அரசனே இல்லாத நாட்டில் வளர்ந்தார் என்பது அவரது காப்பியத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான பின்புலமாகும்.

சாயர்புரம்

1853ஆம் ஆண்டு கிருட்டிணபிள்ளை சாயர்புரம் மிஷன் கல்விநிலையத்தில் தமிழாசிரியரானார். அவரைத் தேர்ந்தவர் இடையன்குடியில் பணியாற்றிய இராபர்ட் கால்டுவெல். சாயர்புரத்தில் 1840களில் ஜி.யு. போப் தொடங்கிய கல்விப்பணி அப்போது நன்கு வேரூன்றியிருந்தது. அங்குப் பயின்றோருள் பலர், வைணவ வேளாளர் சமூகத்தால் தாழ்ந்தோராகக் கருதப்பட்ட குடிகளின் பிள்ளைகள். அவர்களுக்கு நன்னூலும் இலக்கியமும் கற்பிக்கும் பணி கிருட்டிணபிள்ளையுடையது.

பணியேற்றபோது அவர் கிறித்தவத்தை நாடிச் சென்றவர் அல்லர். திருமண்ணும் வைணவ ஒழுக்கமும் மாறாதவராகவே அவர் சாயர்புரத்தில் இருந்தார். ஆயினும் நாள்தோறும் விவிலிய வாசிப்பும் மன்றாட்டும் நிகழும் சூழலில் வாழ்ந்தமையால், தம் சமயத்தையும் புதிய சமயத்தையும் ஒப்பிட்டு எண்ணும் நிலை உருவாயிற்று. அவருடைய தம்பி முத்தையா பிள்ளை அவருக்கு முன்பே கிறித்தவரானார். நண்பர் தனக்கோடி ராஜுவின் தொடர்பும் அவரது எண்ணப்போக்கில் பங்கு பெற்றது. தாம் கிறித்தவரான வரலாற்றைக் கிருட்டிணபிள்ளை பிற்காலத்தில் தாமே எழுதிவைத்தார். நெடிய மனப்போராட்டத்தின் முடிவாகவே அவரது மாற்றம் நிகழ்ந்தது.

திருமுழுக்கும் சென்னை வாழ்வும்

1858 ஏப்ரல் 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரிலுள்ள தூய தோமா ஆலயத்தில் கிருட்டிணபிள்ளை திருமுழுக்குப் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்பது அவர் ஏற்ற பெயர். அதன் முதலெழுத்துகளே எச்.ஏ. எனப் பெயருக்கு முன் நின்றன. கிருட்டிணன் என்னும் பழைய பெயரை அவர் நீக்கவில்லை. புதிய பெயரும் பழைய பெயரும் ஒருங்கே வழங்கியமை அவரது புலமை வாழ்வின் இயல்பையும் காட்டுகிறது. பழையதைத் துறந்து புதியதைப் பெற்றவராகத் தோன்றும் அவர், பழையதன் மொழியிலேயே புதியதைப் பாடினார்.

அதே 1858ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் விக்டோரியா அரசியின் பேரறிக்கை வெளியாயிற்று. நாடு கும்பினியின் கையிலிருந்து முடியாட்சியின் கைக்கு மாறியது. புலவர் ஒருவர் தம் வாழ்வின் தலைவரை மாற்றிக்கொண்ட ஆண்டும், நாடு தன் ஆட்சியாளரை மாற்றிக்கொண்ட ஆண்டும் ஒன்றாயின. எனினும் அவரது காப்பியத்தின் பாட்டுடைத் தலைவர் அறிக்கையாலும் படையாலும் நாடு கொண்ட அரசரல்லர்.

வேளாளர் குடியில் பிறந்த ஒருவர் அக்காலத்தில் திருமுழுக்குப் பெறுவது, சுற்றத்தில் இருந்த இடத்தையும் பந்தியில் இருந்த இருக்கையையும் இழப்பதாகும். இவ்விழப்பைக் கிருட்டிணபிள்ளை அறிந்தே ஏற்றார். சென்னையில் பெர்சிவல் பாதிரியார் நடத்திய தினவர்த்தமானி இதழின் துணையாசிரியராக அவர் பணியாற்றினார். மாநிலக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். பின்னர்த் தென்னாடு திரும்பி மீண்டும் சாயர்புரத்தில் ஆசிரியரானார்.

ஆசிரியப் பணியும் நூற்பணியும்

அதன்பின் அவரது வாழ்வின் பெரும்பகுதி பாளையங்கோட்டைப் பகுதியில் கழிந்தது. திருநெல்வேலி சி.எம்.எஸ். கல்லூரியில் அவர் தமிழாசிரியராக விளங்கினார். 1886 முதல் சில ஆண்டுகள் திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தமிழ் கற்பித்தார். மாணவர் தேவை கருதி இலக்கண சூடாமணி என்னும் நூலை இயற்றினார். பழந்தமிழ் நூல்களிலிருந்து அறக்கருத்துடைய பகுதிகளைத் திரட்டிக் காவிய தர்ம சங்கிரகம் என்னும் தொகுப்பை உருவாக்கினார்.

இத்தொகுப்புப் பணி அவரது மனநிலையைப் புலப்படுத்துகிறது. சமயம் மாறியதனால் பழைய நூல்களை அவர் ஒதுக்கவில்லை. அவற்றிலுள்ள அறம் புதிய சமயத்தாருக்கும் உரியது என்று கருதினார். அரசுநெறியைப் பொறுத்தவரை அம்மரபு அவருக்கு வழங்கிய செல்வம் மிகப் பெரிது. காண்பதற்கு எளியவனாகவும் கடுஞ்சொல் கூறாதவனாகவும் வேந்தன் இருத்தல் வேண்டும் என்பது வள்ளுவம். தன் செவிக்குக் கசக்கும் சொற்களையும் பொறுக்கும் பண்புடையவனின் குடைக்கீழ் உலகம் தங்கும் என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்தே. ஆகவே எளிமையும் பொறுமையும் தமிழ் அரசுநெறிக்கு அயலானவை அல்ல. ஆனால் அவை அரியணையில் வீற்றிருப்பவனுக்குரிய அணிகளாகவே கூறப்பட்டன. அரியணை இழந்து நிற்கும்போதும் ஒருவரை வேந்தராக்குபவை அவையே என்று கூறுவதற்கு மேலும் ஒருபடி செல்லவேண்டியிருந்தது.

காப்பியம் உருவான வகை

பெட்போர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் வாடிய ஜான் பனியன் பாத்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழில் செய்தவர். அவருடைய பில்கிரிம்ஸ் புரோகிரஸ் என்னும் நூலின் முதற்பகுதி 1678இல் வெளிவந்தது. அழிவுக்குரிய நகரை விட்டு நீங்கும் ஒருவன், முதுகில் பாவச்சுமையோடு பல இடர்களைக் கடந்து வான்நகர் சேரும் கதை அது. எளிய மக்கள் பேசும் ஆங்கில உரைநடையில் அமைந்தது.

இக்கதையைக் கிருட்டிணபிள்ளை காப்பியமாக்கினார். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என்னும் ஐந்து பருவங்களில், 3766 பாடல்களால் அமைந்த பெருநூலாக அது வளர்ந்தது. பெரும்பிரிவுக்குப் பருவம் என்னும் பெயரைப் பாரத மரபும், உட்பிரிவுக்குப் படலம் என்னும் பெயரைக் கம்பர் மரபும் வழங்கின. பதின்மூன்று ஆண்டுகள் நற்போதகம் என்னும் மாத இதழில் தொடராக வெளிவந்த பின், 1894இல் நூல் வடிவம் பெற்றது. அரசவையில் அரங்கேறும் காப்பியங்களின் வழக்கத்திற்கு மாறாக, சபையார் கையில் திங்கள்தோறும் சென்றடையும் அச்சிதழில் இக்காப்பியம் வெளிப்பட்டது. புரவலன் ஒருவனைப் போற்றவேண்டிய கட்டாயம் இதற்கில்லை. இப்பாவில் அரசர் என்னும் சொல் பரிசிலுக்காக எவருக்கும் சூட்டப்படவில்லை.

மூலநூலிலும் அரசுரிமை பற்றிய வழக்கு உண்டு. அப்பொல்லியோன் என்னும் பகைவன் வழிமறித்து, நீ என் குடி, என் ஆட்சிக்குட்பட்டவன் என உரிமை கோருகிறான். பயணியோ வேறோர் அரசருக்குத் தன்னை ஒப்புவித்துவிட்டதாக விடையளிக்கிறான். ஆனால் அவ்வரசர் எத்தகையவர் என்பதைப் பனியன் கதையாக விரித்துரைக்கவில்லை. விவிலியம் நன்கறிந்த வாசகருக்கு அது தேவைப்படவில்லை. பயணி சிலுவை அருகே வந்ததும் அவன் சுமை தானே கழன்று உருண்டு கல்லறைக்குள் வீழ்கிறது. அந்நிகழ்ச்சி சில வரிகளில் முடிகிறது.

கிருட்டிணபிள்ளை அவ்வளவில் அமையவில்லை. குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலத்தை அமைத்து, இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடினார். கதைத்தலைவரின் குடிப்பிறப்பும் குணமும் செயலும் அறிந்த பின்னரே அவர்பால் அன்பு கொள்வது தமிழ்க் காப்பிய வாசகரின் இயல்பு. சுமை கழன்றது என்று கூறினால் போதாது. அதனைத் தாங்கியவர் யார் என்பதையும் காட்டவேண்டும். தழுவல் நூலில் இப்பகுதி கிருட்டிணபிள்ளையின் சொந்தப் படைப்பாக நிற்கிறது. அவரது காப்பியத்தின் உயிர்நிலையும் இதுவே.

கட்டுண்டு நின்ற நிலை

இரட்சணிய சரிதத்தில் இறைமகன் கயிற்றால் பிணிக்கப்பட்டு நிற்கும் காட்சி சிறப்பானது. அவரைக் கட்டியது கயிறு என எண்ணவேண்டா என்பது புலவரின் கருத்து. தம்மைப் பகைத்த இழிந்த மக்களையே நினைந்து உருகும் அன்பு ஒரு விலங்காக அமைந்தது. அதனை அறுத்துக்கொள்ள இயலாமல் அவர் ஏழை ஒருவரைப் போல் ஒடுங்கி நின்றார் எனப் பாடுகிறார். கட்டுதலைச் செய்தோர் தம் வலிமையால் அதனைச் செய்ததாக நினைத்தனர். கட்டுண்டவரோ தம் அன்பால் கட்டுண்டார். வலியவர் யார், எளியவர் யார் என்னும் கணக்கு இவ்விடத்தில் தலைகீழாகிறது.

இக்காட்சியை வைணவச் சூழலில் வளர்ந்த வாசகர் ஒருவர் படித்தால், வெண்ணெய் களவுண்டு ஆய்ச்சியின் தாம்புக்கயிற்றால் உரலோடு கட்டுண்ட கண்ணனை நினையாமல் இருக்கமாட்டார். உலகளந்த பெருமான் ஒரு கயிற்றுக்கு அடங்கி நின்ற எளிமையை எண்ணி நம்மாழ்வார் ஆறு திங்கள் மயங்கிக் கிடந்தார் என வைணவ உரைமரபு கூறும். மேன்மை, நீர்மை என்னும் இரண்டையும் இறைவனின் இயல்பாகக் கொண்டு, எட்டாத மேன்மையைவிட எளிதில் கிட்டும் நீர்மையையே அடியார் பற்றுக்கோடாகக் காட்டியது அம்மரபு. அக்கல்வி இல்லாத ஒருவரால் இயேசுவின் கட்டுண்ட நிலையை இவ்வாறு பாடியிருக்க இயலுமா என்பது ஐயமே.

ஆயினும் இரு காட்சிகளும் ஒன்றல்ல. ஆய்ப்பாடியில் கட்டு தாயன்பிலிருந்து பிறந்தது, விளையாட்டில் முடிந்தது. எருசலேமில் அது பகையிலிருந்து பிறந்தது, கொலையில் முடிந்தது. தம்மை நேசித்தவரின் கயிற்றுக்கு அடங்குவது எளிமை. தம்மைப் பகைத்தவரின் கயிற்றுக்கு அவர்பொருட்டே அடங்குவது இரக்கம். கிருட்டிணபிள்ளை தம் பழைய சமயத்திலிருந்து எளிமையைக் காணும் கண்ணைப் பெற்றார். புதிய சமயத்தில் அவ்வெளிமை பகைவர்க்கும் நீளும் இரக்கமாவதைக் கண்டார். அவரது சமய மாற்றத்தின் உட்பொருளை இவ்வேறுபாட்டில் காணலாம்.

தீயோர் கூடிக் கூறிய பழிச்சொற்களைக் கேட்டுத் துயருற்றும் மறுமொழி கூறாது நின்ற நிலையையும் புலவர் பாடுகிறார். செவி கசக்கும் சொல் பொறுத்தல் என்னும் வள்ளுவரின் அரசியல் அறம் இங்கு முழுமை பெறுகிறது. அமைச்சரின் இடித்துரையைப் பொறுத்தல் அங்கே அரசனின் கடமை. கொலைஞரின் இகழ்ச்சியைப் பொறுத்தல் இங்கே அரசரின் இயல்பு. கண்டோர் இக்கொடுமைக்குப் பின்னும் நிலம் பிளவாமல் இருப்பதையும் வான் இடிந்து வீழாமல் இருப்பதையும் எண்ணி மருண்டு வருந்துவதாகப் புலவர் அமைக்கிறார். பழைய காப்பியங்களில் அரசன் துன்புறும்போது இயற்கை கலங்கும். இங்கு இயற்கை அமைதியாக இருப்பதே மக்களைத் திகைக்கச் செய்கிறது. அரசரின் பொறுமை உலகத்தின் பொறுமையாகவும் விளங்குகிறது.

உயிரும் உடம்பும்

அரசனுக்கும் குடிகளுக்கும் உள்ள உறவைத் தமிழ் மரபு உயிர், உடம்பு என்னும் உவமையால் விளக்கிவந்துள்ளது. மன்னனை உலகின் உயிராகக் கண்டது புறநானூற்றுக் காலம். கம்பர் அதனை மாற்றினார். தயரதன் ஆட்சியைக் கூறுமிடத்தில் குடிகளை உயிராகவும் மன்னனை அவ்வுயிர்கள் தங்கும் உடம்பாகவும் அமைத்தார். அரசனுக்காகக் குடிகள் என்னும் நிலை மாறிக் குடிகளுக்காக அரசன் என்னும் நிலை தோன்றியது. கம்பர் காட்டும் இராமனும் முடி சூடுக என்ற சொல்லையும் காடேகுக என்ற சொல்லையும் ஒரே முகத்தோடு ஏற்கிறான். முடியைத் துறந்த நிலையிலேயே அவன் பெருமை மிகுகிறது.

கம்பரைக் கற்றுத் தேர்ந்த கிருட்டிணபிள்ளையின் காப்பியத்தை இவ்வரிசையின் மூன்றாம் படியாகக் கொள்ள இடமுண்டு. குடிகளின் உயிர் தங்கும் உடம்பாக அரசன் இருப்பதோடு நில்லாமல், அவ்வுயிர்கள் பிழைக்கும்பொருட்டுத் தம் உடம்பையே அவர் தருகிறார். இராமன் துறந்த முடி பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் அவன் தலையில் ஏறுகிறது. இக்காப்பியத்தின் அரசர் தலையில் ஏறுவது முள்முடி. அதுவே அவருக்குரிய முடியாகவும் நிலைபெறுகிறது. நற்செய்தி நூல் கூறும் நிகழ்ச்சி ஒன்றும் இதனோடு எண்ணத்தக்கது. சிலுவையில் தொங்கியவரை ஆட்சிக்குரியவராக ஏற்று, தன்னை நினைவுகூருமாறு விண்ணப்பம் செய்தவன் உடன் தொங்கிய குற்றவாளி. கோலோச்சும் கையையன்று, ஆணியறைந்த கையையே அவன் நம்பினான். அவனுக்குக் கிடைத்த மன்னிப்பே அவ்வரசு வழங்கிய கொடை.

உயர்நடையும் எளிய அடியாரும்

இக்காப்பியத்தின் மேல் ஒரு வினா எழுவது இயல்பு. எளிமை பூண்ட அரசரைப் பாடும் நூல், எளியோர் எட்ட இயலாத நடையில் அமையலாமா? பனியன் எழுதியது உழவரும் கைவினைஞரும் படித்த உரைநடை. கிருட்டிணபிள்ளையின் விருத்தங்களோ வடசொற் செறிவும் கற்பனை வளமும் உடையவை. கம்பரைப் பயின்றோர்க்கே முழுச்சுவை தருபவை. நெல்லைச் சபைகளில் ஞாயிறுதோறும் கூடிய பனையேறிகளும் உழவரும் அவற்றைத் தாமே படித்துப் பொருளுணர்ந்திருத்தல் அரிது. வருணனை மிகுதியில் கதை தேங்கும் இடங்களும் நூலில் உண்டு.

இக்குறையை மறுக்கவேண்டியதில்லை. ஆயினும் அக்காலச் சூழலில் அதற்கொரு காரணம் இருந்தது. கிறித்தவம் கல்லாதோரின் சமயம் என இகழப்பட்டது. அதன் தலைவரைக் கம்பரின் யாப்பில் பாடியதனால், இகழ்ந்தோர் மதிக்கும் மொழியிலேயே அவர்களுக்கு விடையளித்தார் கிருட்டிணபிள்ளை. தம் குலத்தார் உயர்வென மதித்த புலமையைக் கொண்டு, அவர்கள் தாழ்வென ஒதுக்கியோர் வணங்கிய அரசருக்குப் பணிசெய்தார். கற்றோரின் தருக்கைக் கற்றோர் மொழியாலேயே தாழ்த்த முயன்ற செயல் அது.

எளிய அடியாரை அவர் மறக்கவும் இல்லை. காப்பியத்தின் இடையிடையே தேவாரம் என்னும் பெயரில் இசைப்பாடல்களை அமைத்தார். கதை ஓட்டத்தை நிறுத்தி, வேண்டுதலாகவும் போற்றுதலாகவும் இப்பாடல்கள் ஒலிக்கின்றன. படிப்பவர் கதை கேட்பவராக இருந்த நிலையிலிருந்து வழிபடுபவராக மாறும் இடங்கள் அவை. மாணிக்கவாசகர் நூற்பகுதியின் பெயரையே கொண்ட போற்றித் திருவகவலும் அவர் படைப்புகளுள் ஒன்று. வைணவராய்ப் பிறந்த புலவர் சைவத் திருமுறையின் பெயர்களைக் கிறித்தவ வழிபாட்டிற்குச் சூட்டியமை, தமிழ்ப் பக்தி மரபு முழுவதையும் அவர் தமக்குரியதாகக் கொண்டார் என்பதற்குச் சான்று.

இறுதி ஆண்டுகள்

காப்பியம் நூலாக வெளிவந்தபோது கிருட்டிணபிள்ளைக்கு அகவை அறுபத்தேழு. அதன்பின்னும் அவர் எழுதுகோலை வைக்கவில்லை. சமய உண்மைகளை ஆராயும் இரட்சணிய சமய நிர்ணயம் 1898இலும், பக்திப் பாடல்களின் தொகுதியான இரட்சணிய மனோகரம் 1899இலும் வெளிவந்தன. மனோகரப் பாடல்களில் காப்பியத்தின் விரிவான வருணனைகள் இல்லை. அருவமாயும் ஒப்பற்றதாயும் விளங்கும் மேலான பொருளை விளித்து, தன் சிறுமையைக் கூறி, அருளை வேண்டும் ஓர் அடியாரின் குரலே அவற்றில் மேலோங்கி நிற்கிறது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் அரசரின் பெருமையைப் பாடிய புலவர், முதுமையில் அவ்வரசரிடம் நேரே பேசும் சொற்களுக்குத் திரும்பினார்.

1900 பிப்ரவரி 3ஆம் நாள் கிருட்டிணபிள்ளை இயற்கை எய்தினார். கிறித்தவக் கம்பர் என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது. அவரது காப்பியம் பாடநூல்கள் வழியாக மாணவர்க்கு அறிமுகமாகிறது. மனோகரப் பாடல்களோ ஆலயங்களில் சபையாரால் பாடப்படுகின்றன. காப்பியத்தின் உயர்நடையால் எட்டமுடியாத அடியாரை அவரது இசைப்பாடல் எட்டியது.

முடிவுரை

எச்.ஏ. கிருட்டிணபிள்ளையின் வாழ்வில் மூன்று வழிகள் கூடின. கம்பரிடமிருந்து குடிகளுக்காக வாழும் அரசனைப் பற்றிய எண்ணம் வந்தது. வைணவத்திலிருந்து இறைவனின் மேன்மையைவிட எளிமையே அடியாருக்கு அண்மையது என்னும் உணர்வு வந்தது. கிறித்தவத்திலிருந்து அவ்வெளிமை பகைவர்க்காகவும் பாடுபடும் என்னும் நம்பிக்கை வந்தது. மூன்றும் இரட்சணிய சரிதப் படலத்தில் ஒன்றாகின்றன. பனியன் சில வரிகளில் கடந்த இடத்தில் கிருட்டிணபிள்ளை நின்று பாடியதற்கு அதுவே காரணம்.

அவர் தமிழ் அரசுநெறியின் சொற்களை மாற்றவில்லை. முடி, கோல், அளி, பொறை, குடியோம்பல் ஆகிய பழஞ்சொற்களையே பயன்படுத்தினார். அவற்றை ஆளும் நிலையிலிருந்து எடுத்துத் துன்புறும் நிலையில் வைத்தார். அதனால் வேந்தன் என்னும் சொல்லுக்குப் புதியதொரு பொருள் கிடைத்தது. பிறரைக் கட்டும் ஆற்றல் உடையவன் என்பது பழம்பொருள். பிறர்பொருட்டுக் கட்டுண்ண இசைபவன் என்பது கிருட்டிணபிள்ளை சேர்த்த பொருள். கிறித்தவத் தமிழுக்கு மட்டுமன்றி, தமிழ்க் காப்பிய மரபு முழுமைக்கும் உரிய பங்களிப்பாக அதனைக் கொள்ளுதல் தகும்.